வெந்த அவரை, வெண்ணெய் தோசை, ராகிக் களி: மல்லேஸ்வரத்துச் சாப்பாட்டு வரலாறு

ஞாயித்துக்கிழமை காலையில மல்லேஸ்வரம் ஏழாவது கிராஸ் பக்கம் போனீங்கன்னா ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். மார்கோசா ரோடு முனையில சி.டி.ஆர். வாசல்ல பேர் கொடுத்துட்டு நிக்கிற கூட்டம். பாதிப் பேர் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டின்னு ஊரோட மறுகோடியிலேர்ந்து ஒரு வெண்ணெய் மசால் தோசைக்காக வந்தவங்க. வெளியூர்க்காரங்களைக் கூட்டிக்கிட்டு, கடை கடையா நிறுத்தி வரலாறு சொல்லி ஊட்டி விடுற வழிகாட்டிகளும் உண்டு. 'உணவுச் சுற்றுலா'ன்னு இதுக்கு இப்போ பேர்.

கும்பகோணம் பக்கத்துலேர்ந்து வந்து இங்கே பொட்டி தட்டிக்கிட்டு இருக்கிற எனக்கு, இந்தச் சுற்றுலாவுல தோசையை விட அதோட வர்ற கதைகள்தான் பிடிக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கதை வெச்சிருக்காங்க. அதுல எது கல்வெட்டு, எது கட்டுக்கதைன்னு பிரிச்சுப் பார்த்தா ஊரோட வரலாறே வேற மாதிரி தெரியுது.

அவிச்ச அவரையும் ஒரு ராஜாவும்

முதல் கதை ஊர் பேரைப் பத்தினது. ஹொய்சள ராஜா இரண்டாம் வீர வல்லாளன் வேட்டைக்கு வந்து வழி தவறிப் பசியோட அலைஞ்சான், ஒரு கிழவி அவிச்ச காளு கொடுத்தா, அதனால 'பெந்த காளூரு', அதுவே பெங்களூரு. கன்னடத்துல 'பெந்த'ன்னா வெந்த. 'காளு'ன்னா பயறு, தானியம்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா வீர வல்லாளன் ஆட்சிக்கு வந்தது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். நகரத்துக்குத் தெற்கே பேகூர் நாகேஸ்வரர் கோவில்ல இருக்கிற நடுகல், கங்கர் காலத்தது, 9ஆம் நூற்றாண்டின் இறுதி. அதுலேயே 'பெங்களூருப் போர்'ல ஒருத்தன் மாண்ட சேதி இருக்கு. கிழவி அவரைக்காய் அவிக்கிறதுக்கு கிட்டத்தட்ட 300 வருஷம் முன்னாடியே ஊருக்குப் பேர் இருந்திருக்கு. ராஜாதான் லேட் :-)

ஆனாலும் கதையில ஒரு உண்மை இருக்கு. இந்த ஊர்க்காரங்களுக்கு அவரைக்காய் மேல அப்படி ஒரு பைத்தியம். டிசம்பர், ஜனவரியில மார்க்கெட் முழுக்க அதோட வாசனைதான். ஊற வெச்ச அவரைக் கொட்டையைப் பிதுக்கித் தோல் எடுத்துச் செய்யறது 'ஹிதிகித பேளெ' சாறு. நம்ம கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கம் வீடுகள்ல வைக்கிற பிதுக்குப் பருப்புக் குழம்புதான் அது. பால் ஹாலு ஆகும், பள்ளி ஹள்ளி ஆகும், பிதுக்கினது ஹிதிகித ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மல்லேஸ்வரத்துலேர்ந்து தஞ்சாவூருக்கு

அடுத்து, இந்தப் பேட்டைக்குப் பேர் கொடுத்த காடு மல்லேஸ்வரர் கோவில். இங்கே 1669ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. கோவிலுக்கு மானியம் விட்டவர் ஏகோஜி, அதாவது வேங்கோஜி. சிவாஜியோட மாற்றாந்தாய்த் தம்பி. 1638இல் பிஜப்பூர் சுல்தான் படை பெங்களூரைப் பிடிச்சப்புறம் இது அவங்கப்பா ஷாஹாஜிக்கு ஜாகீராப் போச்சு. அவருக்கப்புறம் மகன் கைக்கு வந்தது.

இதே ஏகோஜிதான் 1670களின் நடுவுல தஞ்சாவூருக்கு வந்து மராட்டிய ஆட்சியை ஆரம்பிச்சவர். பெங்களூரை வித்துடலாம்னு மைசூர் சிக்கதேவராஜ உடையாரோட 3 லட்சம் ரூபாய்க்குப் பேரம் பேசினார். 1687இல் நடுவுல முகலாயப் படை புகுந்து ஊரைப் பிடிச்சுக்கிட்டு, அவங்க மூலமா அது உடையார் கைக்குப் போச்சு. எங்க ஊரை ஆண்ட வம்சத்தோட முதல் ஆள் மானியம் விட்ட கோவில் நான் தினம் காய் வாங்கப் போற வழியில இருக்கு.

இங்கேதான் சாம்பார் கதை வருது. ஏகோஜி மகன் ஷாஹுஜி தஞ்சாவூர்ல ஆண்டப்போ சிவாஜி மகன் சம்பாஜி விருந்துக்கு வந்தாராம். பருப்புல போடக் கோகம் புளி இல்லாம நம்மூர்ப் புளியைக் கரைச்சு ஊத்தினாங்களாம். சம்பாஜிக்காகச் செஞ்சது சாம்பார் ஆச்சாம். கேட்க சுவாரசியம்தான், ஆனா இதுக்குச் சமகால ஆதாரம் எதுவும் காட்டப்பட்டதில்லை. துவரம்பருப்பும் புளியும் ஒண்ணு சேர ஒரு இளவரசன் வந்து உக்காரணுமா என்ன?

கிழவி கதையையும் சம்பாஜி கதையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டுலயும் சமைச்சவங்களுக்குப் பேர் இல்லை. சாப்பிட்டவனுக்குத்தான் பேர் இருக்கு.

பிளேக்கும் டிபன் ரூமும்

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. பேட்டைப் பகுதியோட நெருக்கமான சந்துகள்ல ஜனங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. அப்போ விரிவாக்கப்பட்ட புதுக் குடியிருப்புகள்தான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். நேரான தெருக்கள், காத்தோட்டம், வீட்டுக்குப் பின்னாடி துப்புரவுச் சந்து எல்லாம் அந்தப் பயம் போட்ட கோடுகள்.

குடிவந்தவங்கள்ல மைசூர் அரசாங்க உத்தியோகஸ்தர்கள், வாத்தியார்கள், வக்கீல்கள் நிறைய. 1909இல் டாடா இன்ஸ்டிட்யூட் பக்கத்துலேயே வந்ததும் வெளியூர்ப் படிச்ச கூட்டமும் சேர்ந்தது. 1933இல் அதுக்கு இயக்குநரா வந்த சர் சி.வி. ராமனும் மல்லேஸ்வரத்துல வீடு வெச்சிருந்தவர்தான். வேலைக்காகப் புலம்பெயர்ந்த தமிழன்ங்கிற வகையில நமக்கெல்லாம் சீனியர்.

மாசச் சம்பளக்காரன் இருக்கிற இடத்துக்கு ஓட்டல் வரும். உடுப்பிப் பக்கத்துச் சமையல்காரங்க பஞ்சம் பிழைக்கப் பட்டணங்களுக்குக் கிளம்பின காலம் அது. 1924இல் லால்பாக் பக்கத்துல மையா சகோதரர்கள் ஆரம்பிச்ச 'பிராமின் காபி கிளப்'தான் பின்னாடி எம்.டி.ஆர். ஆச்சு. மல்லேஸ்வரம் சி.டி.ஆரும் 1920களில் வந்ததுதான். முழுப்பேர் சென்ட்ரல் டிபன் ரூம். இப்போ போர்டுல ஸ்ரீ சாகர்னு இருந்தாலும் யாரும் அப்படிக் கூப்பிடறதில்லை. அதே மார்கோசா ரோட்டுல நின்னுக்கிட்டே இட்லி சாப்பிடற வீணா ஸ்டோர்ஸ் ரொம்பப் பின்னாடி, 1977இல் வந்தது.

'பிராமின்'ங்கிற வார்த்தை அலங்காரத்துக்கு வந்ததில்லை. வெளியில சாப்பிட்டா தீட்டுன்னு நெனச்ச ஜனத்தை உள்ளே வரவழைக்கிற உத்தரவாதச் சீட்டு அது. அதே சீட்டு மத்தவங்களை வெளியிலயோ தனி இடத்துலயோ நிறுத்தி வெச்சது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே போர்டுல இருந்த 'பிராமணாள்' வார்த்தையை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தினது உங்களுக்குத் தெரியும். நாம பாரம்பரிய சுவைன்னு கொண்டாடறதுல இந்தக் கணக்கும் கலந்திருக்கு.

அரிசி இல்லாதப்போ

ரெண்டாம் உலகப்போர்ல, 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அங்கேர்ந்து வந்த அரிசி நின்னு போச்சு. அரிசித் தட்டுப்பாட்டுல ரவையைப் போட்டு இட்லி செஞ்சு பார்த்தோம், அதுதான் ரவா இட்லின்னு எம்.டி.ஆர். சொல்லுது. பஞ்சத்துல பொறந்த பலகாரம் இன்னைக்கு ஸ்பெஷல் ஐட்டம்.

இன்னொரு கதை வெண்ணெய் தோசையோடது. தாவணகெரே பெண்ணெ தோசைக்கு அந்த ஊர்ல சொல்ற வரலாறு இது: 1928வாக்குல பெல்காம் பக்கத்துலேர்ந்து சென்னம்மான்னு ஒரு அம்மா பிள்ளைகளோட பிழைக்க வந்து, நாடகக் கொட்டகை பக்கத்துல தோசை சுட்டு வித்தாங்க. அந்த தோசை ராகி மாவுல! பத்து வருஷம் கழிச்சுப் பிள்ளைங்க அதை அரிசி மாவுக்கு மாத்தினாங்க. அதுக்கப்புறம்தான் இன்னைக்கு நாம பார்க்கிற வெள்ளைத் தோசை.

இந்தக் கதைக்கும் செப்பேடு கிடையாது. ஆனா இதுல மட்டும் சமைச்சவங்களுக்குப் பேர் இருக்கு. அதுவும் ராஜா யாரும் வராத கதை. அதனாலேயே எனக்கு இது மேல கொஞ்சம் நம்பிக்கை.

களியோட வரலாறு

ராகின்னு சொன்னதும்தான் விஷயமே ஆரம்பிக்குது. இந்த மேட்டு நிலத்தோட சோறு அரிசி கிடையாது, ராகிதான். கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியில பிறந்து ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி இங்கே வந்து சேர்ந்த பயிர். திப்பு வீழ்ந்த மறு வருஷம், 1800இல், கம்பெனிக்காக மைசூர் நாட்டைச் சுத்திப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், புன்செய்ப் பயிர்கள்லயே முக்கியமானது இதுதான், சாதாரண ஜனங்க எல்லாரும் சாப்பிடறது இதைத்தான்னு எழுதி வெச்சிருக்கார்.

அரிசிக்கும் ராகிக்கும் நடந்த சண்டையைக் கனகதாசர் 16ஆம் நூற்றாண்டிலேயே ஒரு காவியமா எழுதிட்டார். பேர் 'ராமதான்ய சரிதே'. யார் ஒசத்தின்னு ரெண்டு தானியமும் ராமர் முன்னாடி மல்லுக்கு நிக்குது. ராமர் ரெண்டையும் ஆறு மாசம் ஜெயில்ல போடச் சொல்றார். வெளியில எடுத்தா அரிசி கெட்டுப் போயிருக்கு, ராகி அப்படியே இருக்கு. தீர்ப்பு ராகிக்கு. குருபர் குலத்துல பிறந்த கவி, எந்தத் தானியத்துக்காக எந்த மனுஷங்களைப் பேசினார்னு விளக்கவே வேண்டாம்.

அது வெறும் கற்பனையும் இல்லை. ராகியைப் பூச்சி சுலபமா அண்டாது. 'ஹகேவு'ன்னு நிலத்துக்குள்ள குழி வெட்டி வருஷக்கணக்கா சேமிப்பாங்க. மழை பொய்ச்சா அந்தக் குழிதான் உயிர். 1876-78 பெரும்பஞ்சத்துல மழை தொடர்ந்து ஏமாத்தினப்போ குழிகளும் காலியாச்சு. மைசூர் சமஸ்தானத்து ஜனத்தொகை 1871இல் ஏறக்குறைய 50 லட்சம். 1881இல் 42 லட்சத்தைத் தொடலை. களிக்கும் பட்டினிக்கும் நடுவுல இருந்த தூரம் அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்கப்புறம் இந்தப் பயிருக்காக வாழ்நாளைக் கொடுத்தவர் 'ராகி' லக்ஷ்மணையா. இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து 'இண்டாஃப்' ரகங்களை உருவாக்கினார். பேரே இந்தியா, ஆப்பிரிக்கா ரெண்டையும் சேர்த்து வெச்சதுதான். விளைச்சல் எகிறிச்சு. தோசைக் கடைக்காரங்க பேர் தெரிஞ்ச அளவுக்கு நம்மாளுங்களுக்கு இவர் பேர் தெரியாது.

கஞ்சிக்கு மரியாதை எப்போ வரும்?

உலகத்துல மத்த இடங்கள்ல கஞ்சிக்கு மரியாதை கிடைச்சிருக்கு. வியட்நாம்ல அரிசிக் கஞ்சியைப் பல பக்குவத்துல செய்வாங்க. ஆசியா முழுக்க ஓட்டல் மெனுவுல 'காஞ்சி'ன்னு ஆங்கிலத்துல எழுதறாங்களே, அந்தச் சொல்லே நம்ம கஞ்சிதான், போர்ச்சுகீசியர் வழியாப் போனது.

பக்கத்துல ஐதராபாத்தைப் பாருங்க. ஹலீம்ங்கிறது கோதுமையும் கறியும் மசிய மசியக் கிண்டின கஞ்சி. பத்தாம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் புத்தகத்துலேயே இதோட மூலமான ஹரீஸா இருக்கு. நிஜாம் படையில சேர்ந்த அரபுச் சிப்பாய்கள் குடியிருந்த பர்காஸ் பகுதியில இன்னைக்கும் ஹரீஸ் கிடைக்கும். 2010இல் ஐதராபாத் ஹலீமுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ரம்ஜான் மாசத்துல அதைச் சாப்பிடறதுக்குன்னே ரயிலேறிப் போறாங்க. சிப்பாய் கஞ்சி நகரத்தோட அடையாளம் ஆயிடுச்சு.

ராகிக்கு ஏன் அது நடக்கலை? ஹலீமுக்கு நிஜாம் அரண்மனைன்னு ஒரு பின்னணி கிடைச்சது. களிக்குக் கிடைச்சது வயக்காடு. நம்ம தமிழையே எடுத்துக்குங்க. 'கூழானாலும் குளிச்சுக் குடி', 'கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை'ன்னு பழமொழிகள்ல கூழ்னா இல்லாமைன்னுதான் அர்த்தம். எங்க டெல்டா பக்கம் ஆடி மாசம் அம்மன் கோவில்ல ஊத்தினா பிரசாதம், மத்த நாள்ல குடிச்சா கேவலம். 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்புறம் ராகி பிஸ்கட், ராகி நூடுல்ஸ் எல்லாம் பளபளன்னு டப்பாவுல வருது. நல்லதுதான். 100 கிராம் ராகியில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், தீட்டின அரிசியில அது 10 அளவுதான். ஆனா டப்பாவுல வந்தா ஆரோக்கியம், உருண்டையா வந்தா ஏழைச் சாப்பாடுங்கிற நெனப்பு இன்னும் முழுசாப் போகலை.

இதுல நமக்கென்னன்னு கேக்கலாம். பிழைக்க வந்த ஊர்ல நாம முதல்ல தெரிஞ்சுக்கிறது அதோட ஓட்டல் சாப்பாட்டைத்தான். அந்த ஓட்டலை நடத்தினவங்களும் பெரும்பாலும் நம்மளை மாதிரி வெளியூர்லேர்ந்து பிழைக்க வந்தவங்கதான். இங்கேயே மண்ணைக் கிண்டி விளைவிச்சவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு நம்ம சுற்றுலா கேட்டதே இல்லை. மல்லேஸ்வரத்து மண்ணே ஒரு காலத்துல கிராமத்து வயலும் காடும்தான். அந்த வயக்காரங்க வீட்டு அடுப்புல ஏறினது களிப்பானை.

அதனால அடுத்த தடவை ஊர்லேர்ந்து யாராவது வந்தா, வெண்ணெய் தோசையைத் தாராளமா வாங்கிக் கொடுங்க, குறை சொல்லவே முடியாத தோசை அது. மதியத்துக்கு மட்டும் சம்பிகே ரோட்டு ஹள்ளி மனைக்கோ, ஏதாவது ஒரு முத்தெ மெஸ்ஸுக்கோ கூட்டிட்டுப் போங்க. சுடச்சுட ராகி முத்தெ, கீரை போட்ட சொப்பு சாறு. அசைவம்னா நாட்டுக்கோழிச் சாறு. கையில கிள்ளி, சாறுல புரட்டி, மெல்லாம அப்படியே முழுங்கணும். மென்னீங்கன்னா பல்லுல ஒட்டிக்கும், பக்கத்து டேபிள்காரர் சிரிப்பார். அவர்கிட்டயே எப்படிச் சாப்பிடறதுன்னு கேளுங்க, சந்தோஷமாச் சொல்லித் தருவார். நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.