எக்ஸ்ரே ஃபோல்டரின் சாவி யார் கையில்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ஃபவுண்டரிக்கு வாரம் ரெண்டு நாள் ஃபேக்டரி டாக்டரா போயிட்டிருந்தேன். மணல் தூசி உள்ள இடம். அதனால நுரையீரல் டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாருக்கும் உண்டு. ரிப்போர்ட் மொத்தமும் ஆபீஸ் சர்வர்ல ஒரு ஷேர்டு ஃபோல்டருக்குப் போகும்.

ஒருநாள் ஒடிசா தம்பி ஒருத்தர் வந்தார். அரைகுறைத் தமிழ்ல, "சார், எனக்கு நெஞ்சுல ஏதோ இருக்காமே, சூப்பர்வைசர் சொன்னார்"னார். அந்த எக்ஸ்ரேவை நானே இன்னும் பார்க்கல! அடுத்த மாசம் கான்ட்ராக்டர் லிஸ்ட்ல அவர் பேர் இல்லை.

யாரும் எதையும் திருடலைங்க. அந்த ஃபோல்டர் 'ஆபீஸ்' குரூப்புக்குத் திறந்திருந்தது. டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ், ஹெச்ஆர் எல்லாரும் அந்தக் குரூப்தான். ஒரு பேரை எடுக்கணும்னாலும் சென்னை ஹெட் ஆபீஸ்ல இருக்கிற ஒரே அட்மின்தான் எடுக்கணும்.

இந்த 'குரூப்' எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். கதை 1970களின் பெல் லேப்ஸ், யூனிக்ஸ். சொந்தக்காரர், குரூப், மற்றவர்கள்னு மூணு வகை ஆட்கள். ஒவ்வொரு வகைக்கும் படிக்க, எழுத, இயக்க அனுமதி. ஆக 9 பிட், அவ்வளவுதான். குரூப்ல யார் யார்ங்கிற பட்டியலை 'ரூட்' மட்டுமே திருத்தலாம். பக்கத்து பக்கத்து மேசையில வேலை செய்றவங்களுக்கு அது போதும். ஒருத்தர் ஒரே நேரத்துல பல குரூப்ல இருக்கிற வசதியே 1983-ல, பெர்க்லியோட 4.2 பிஎஸ்டி-யில வந்ததுதான்.

1982-ல அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலையும் ஐபிஎம்மும் சேர்ந்து 'ஆண்ட்ரூ' திட்டத்தை ஆரம்பிச்சாங்க. இலக்கு 5,000 கணினிகளுக்கு மேல். அத்தனை பேருக்கும் ஒரே அட்மின் கையெழுத்து போட முடியுமா? அதோட ஃபைல் சிஸ்டத்தின் முதன்மை வடிவமைப்பாளர் மகாதேவ் சத்யநாராயணன், நம்ம சென்னை ஐஐடியில பி.டெக்., எம்.டெக். படிச்சவர்.

அதுல ஒரு ஃபோல்டருக்கு 7 உரிமைகள். 'உள்ளே போடலாம், படிக்க முடியாது'ன்னுகூட வைக்கலாம், கோயில் உண்டியல் மாதிரி. ஏழாவதுதான் முக்கியம்: அனுமதிப் பட்டியலையே மாத்துற உரிமை. அதை யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். சாதாரண பயனரே குரூப் ஆரம்பிக்கலாம், ஆள் சேர்க்கலாம், நீக்கலாம். ஒரு குரூப்புக்கு இன்னொரு குரூப்பே உரிமையாளரா இருக்கலாம்.

எனக்குப் பிடிச்சது 'எதிர்மறை உரிமை'. குரூப்ல இருந்து நீக்கின செய்தி எல்லா சர்வருக்கும் போய்ச்சேர நேரமாகும். அதுவரை ஃபோல்டர்லயே 'இவருக்கு மட்டும் கிடையாது'ன்னு எழுதிடலாம். கேஸ் ஷீட்ல சிவப்பு மையில 'பெனிசிலின் அலர்ஜி'ன்னு எழுதுவோம்ல, அதேதான்.

இந்த ஃபைல் சிஸ்டத்துக்கு 2016-க்கான ஏசிஎம் மென்பொருள் விருது கிடைச்சுது. நாங்க அங்க வச்சிருந்தது விண்டோஸ் சர்வர். அதுலயும் ஒரு குரூப்பை நிர்வகிக்க ஒருத்தரை நியமிக்கலாம். கேட்டதும் அட்மின் தம்பி பத்தே நிமிஷத்துல 'மெடிக்கல்' குரூப் போட்டு, நிர்வாகத்தை நர்ஸ் சிஸ்டர்கிட்ட கொடுத்துட்டார். அவ்வளவு நாள் யாரும் கேட்கல, நானும்தான். லேப்காரங்க போடலாம், பார்க்க முடியாது. ட்ரெய்னி ஒருத்தர் வேலையை விட்டப்போ சிஸ்டரே அன்னிக்கு சாயங்காலம் பேரை எடுத்துட்டாங்க.

போபாலுக்கு அப்புறம், 1987-ல தொழிற்சாலைகள் சட்டத்துல 41சி பிரிவு வந்தது. ஆபத்தான வேலை செய்ற தொழிலாளியின் மருத்துவப் பதிவை அவர் பார்க்க வழி இருக்கணும்னு அது சொல்லுச்சு. அந்த ஒடிசா தம்பிக்கு ஒரு காப்பி கொடுக்கலாம்னு கூப்பிட்டேன். நம்பர் சுவிட்ச் ஆஃப். எக்ஸ்ரே இன்னும் அந்த ஃபோல்டர்லதான் இருக்கு.