சித்தன்னவாசல் ஒருநாள் மலைப்பயணம்: ஓவியத்தை மட்டும் பார்த்துட்டு திரும்பிடாதீங்க.. மலை மேலயும் ஏறுங்க!

புதுக்கோட்டை மாவட்டம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது சித்தன்னவாசல் ஓவியங்கள்தான். ஆனால் அங்கு போகிறவர்களில் பலர் குகைக்கோயிலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, பூங்காவில் படகு சவாரி முடித்து ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மலை உச்சியை ஒட்டிய குகையில் அந்த ஓவியங்களைவிட ஆயிரம் ஆண்டுகள் பழமையான ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் எப்படிப் பார்ப்பது, எதைக் கவனிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

எங்க இருக்கு, எப்படிப் போறது?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ., திருச்சியிலிருந்து சுமார் 58 கி.மீ. தொலைவு. புதுக்கோட்டை - அன்னவாசல் சாலையில் செல்லும் பேருந்துகளில் வரலாம். ரயிலில் வருவோர் புதுக்கோட்டை நிலையத்தில் இறங்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் மலை ஏற ஏற்றவை. கோடையில் வெறும் பாறை அனலாய்க் கொதிக்கும்.

மலை எவ்வளவு உயரம்?

பயப்பட வேண்டாம், சுமார் 70 மீட்டர்தான். வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பாறைக் குன்று இது. இதன் கிழக்குப் பக்கம் உயரத்தில் இருப்பது ஏழடிப்பட்டம். மேற்குச் சரிவில் இருப்பது அறிவர் கோயில் எனப்படும் குகைக்கோயில்.

இதில் எதை முதலில் பார்ப்பது என்பது முக்கியம். கிழக்கு பார்த்த ஏழடிப்பட்டத்தைக் காலையிலேயே ஏறி முடித்துவிட்டால் வெயிலில் இருந்து தப்பிக்கலாம். மேற்கு பார்த்த அறிவர் கோயிலுக்குள் பிற்பகலில்தான் வெளிச்சம் நன்றாக வரும். நடுவில் உள்ள உச்சி வெயில் நேரத்தைப் பூங்கா நிழலில் கழிக்கலாம்.

அதென்ன ஏழடிப்பட்டம்?

மேற்கிலிருந்து படிகளில் ஏறி, மலையின் மேற்பகுதியைக் கடந்து, மறுபக்கம் சற்றே இறங்கினால் இயற்கையான குகை ஒன்று வரும். அங்கு செல்லப் பாறையில் வெட்டப்பட்ட ஏழு படிக்குழிகள்தான் இந்தப் பெயருக்குக் காரணம். இப்போது கம்பித் தடுப்பு இருந்தாலும், ஒரு பக்கம் சரிவு என்பதால் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்வது நல்லது.

குகைக்குள் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்கும் இடம் மட்டும் தலையணை போல உயர்ந்திருக்கும். சமணத் துறவிகள் தங்கித் தவம் செய்த இடம் இது. உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் வடக்கிருத்தலும் இங்கு நடந்ததாகக் கருதப்படுகிறது.

இருப்பதிலேயே பெரிய படுக்கையின் ஓரத்தில்தான் அந்தத் தமிழ்பிராமி கல்வெட்டு இருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தையது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு, இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை இது என்பதே அதன் செய்தி. மற்ற படுக்கைகளில் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த துறவிகளின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அதாவது, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இந்தக் குகையில் ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

மேலே இருந்து என்ன தெரியும்?

மலைமேல் நின்றால் சுற்றிலும் தட்டையான நிலம். வயல், கண்மாய், செம்மண் பாதை, தூரத்தில் சின்னச் சின்னக் குன்றுகள் என்று கண்ணுக்கு எட்டிய வரை விரியும். மலையடிவாரப் பகுதியில் பெருங்கற்காலத்து கல்வட்டங்களும் ஈமச்சின்னங்களும் இருக்கின்றன. மலையில் 'நாவல்சுனை' என்ற சுனையும் உண்டு. அதன் தண்ணீருக்குள் லிங்கத்துடன் கூடிய சிறிய குடைவரை ஒன்று மூழ்கியிருக்கிறது. தண்ணீர் குறைந்தால்தான் கண்ணில் படும்.

ஓவியத்தில் எதைப் பார்க்கணும்?

அறிவர் கோயிலில் நிமிர்ந்து மேலே பாருங்கள். விதானத்தில் ஒரு தாமரைக்குளம். மீன், அன்னம், எருமை, யானை, நடுவே பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். மகாவீரர் போன்ற தீர்த்தங்கரர்கள் உபதேசிக்கும் 'சமவசரணம்' என்ற சமண நம்பிக்கையோடு தொடர்புடைய காட்சி இது என்கிறார்கள் அறிஞர்கள். முன் தூண்களில் நடனப் பெண்களும், ஓர் அரசன் அரசி உருவங்களும் மங்கலாகத் தெரியும். கருவறையில் மூன்று உருவங்கள். அதன் நடுவில் நின்று 'ஓம்' என்று முனகினால் எதிரொலி கேட்கும்.

இந்த ஓவியங்கள் பற்றி இரண்டு தவறான தகவல்கள் சுற்றுகின்றன.

1. "பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வரைந்தது": முதலில் அப்படித்தான் கருதப்பட்டது. ஆனால் 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. இன்று தெரியும் ஓவியங்கள் அந்தக் காலத்தவை என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

2. "எல்லாம் மூலிகை வண்ணம்": வேதியியல் ஆய்வில் தெரியவந்தது வேறு. சுண்ணாம்புப் பூச்சின் மேல் மஞ்சள் காவி, சிவப்புக் காவி போன்ற கனிம நிறங்களும், கரியும்தான் பயன்படுத்தப்பட்டுள்ளன.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

1,100 ஆண்டுகள் தாங்கிய ஓவியத்தின் பெரும்பகுதி இப்போது இல்லை. ஓவியம் இருப்பது மெல்லிய பூச்சின் மேல்தான். தொட்டாலும் சுரண்டினாலும் போனது போனதுதான். மறுபடி வரைந்து ஒட்ட முடியாது. மேலே கற்படுக்கையில் பெயர் கிறுக்கினாலும் இதே கதைதான்.

இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சேதப்படுத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எனவே ஃபிளாஷ் போடாதீர்கள், சுவரில் சாயாதீர்கள்.

கிளம்பும் முன் கவனிக்க:

• நுழைவுக் கட்டணம் உண்டு. 15 வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம்.
• தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு அவசியம். மலை மேல் கடை கிடையாது.
• மழை பெய்த ஈரத்தில் பாறைச் சரிவில் இறங்க வேண்டாம்.
• குரங்குகள் கண்ணில் பட்டால் தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள்.
• பிளாஸ்டிக் பாட்டிலை மலையில் போடாமல் கையோடு கீழே கொண்டு வாருங்கள்.