ஐந்து இலக்க எண்ணும் பெரியப்பாவின் லேப்டாப்பும்

போன பொங்கலுக்கு ஆரணி போயிருந்தபோது அண்ணன் பரணிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை இறக்கி என் முன்னால் வைத்தார். "நீதான் சாஃப்ட்வேர்ல இருக்கியே, இதைத் திறந்து குடு." சாஃப்ட்வேர்காரன் என்றால் மிக்ஸி முதல் மோட்டார் வரை எல்லாம் தெரியும் என்பது ஊர் நம்பிக்கை.

அது பெரியப்பாவுடையது. பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டவர். முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார், 2006 வாக்கில் கம்ப்யூட்டருக்கு மாறினார். திரையில் போட்ட டிசைனைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுவார்கள். புது பார்டர் ஒன்று வெளியே வந்தால் அடுத்த தெருவிலேயே நகல் வந்துவிடும் என்று அவருக்கு எப்போதும் பயம். அதனால் லேப்டாப்பை ஆன் செய்ததுமே பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. 2 வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது பழைய வாடிக்கையாளர் ஒருவர், தன் கல்யாணப் புடவையில் இருந்த அதே ருத்ராட்ச பார்டர் மகளுக்கும் வேண்டும் என்று வந்து நிற்கிறார். அட்டைகள் எலி கடித்துப் போய்விட்டன.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே கை வைத்திருந்தார். உள்ளே இருக்கும் காசு பேட்டரியைக் கழற்றி ஒரு ராத்திரி வைத்துவிட்டு மாட்டியிருக்கிறார். கடிகாரம் பல வருஷம் பின்னால் போனது, பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. "போர்டையே மாத்தணும், ஆனா இந்த மாடலுக்கு போர்டு கிடைக்காது" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் செய்தது 1990களின் வைத்தியம்.

அந்த வைத்தியத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கம்ப்யூட்டரின் பூட்டு நிஜப் பூட்டு. முன்பக்கம் சாவித்துவாரம் இருக்கும், பூட்டினால் கீபோர்டு வேலை செய்யாது. அதே கம்ப்யூட்டரில் மோட்டரோலாவின் எம்சி146818 என்ற கடிகாரச் சிப்பும் இருந்தது. அதில் மொத்தம் 64 பைட் நினைவகம். நேரத்துக்கு 14 போக மீதி 50 பைட்டில் கம்ப்யூட்டரின் அமைப்பு விவரங்கள். மின்சாரம் இல்லாதபோது ஒரு பேட்டரி அதைக் காப்பாற்றும். 1987-ல் வந்த பிஎஸ்/2 வரிசையில் ஆன் செய்ததும் கேட்கும் பாஸ்வேர்டு வந்துவிட்டது. மேசைக் கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்டு இப்படி பேட்டரியை நம்பியிருந்த வரைக்கும், பேட்டரியைப் பிடுங்கினால் எல்லாம் மறந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அந்தப் பூட்டு போதும்.

லேப்டாப் அப்படியில்லை. ரயிலில் போகும், தொலையும், திருடு போகும். அதனால் பாஸ்வேர்டை பேட்டரி தேவைப்படாத தனிச் சிப்புக்கு மாற்றினார்கள். திங்க்பேடு லேப்டாப்களில் 24ஆர்எஃப்08 என்ற சிப் இதற்குப் பெயர் போனது. அதன் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்தால் எங்களாலும் நீக்க முடியாது, வாங்கிய ரசீதோடு வந்து போர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று லெனோவா கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆப்பிளும் ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு மறந்தவர்களிடம் ரசீதுதான் கேட்கிறது. யோசித்தால் வேறு வழியும் இல்லை. சிப்புக்குத் திருடனும் தெரியாது, திருடன் பெண்டாட்டியும் தெரியாது, செத்துப்போனவரின் மகனும் தெரியாது.

நானும் ரசீது கேட்டேன். சொந்த வீட்டிலேயே கேட்கிறானே என்று அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். பெரியம்மா பேசாமல் பீரோவைத் திறந்து, கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவிலிருந்து பில்லை எடுத்தார். பெரியப்பா பேர், சீரியல் எண், எல்லாம் சரி.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல்கள் தெரிந்தன. பலருக்குத் தெரியாத விஷயம் இது: பயாஸ் பாஸ்வேர்டு டிஸ்க்கைப் பூட்டாது. டிஸ்க்குக்குத் தனிப் பாஸ்வேர்டு உண்டு, பெரியப்பா அதை வைக்கவில்லை. ஆனால் ஃபைலைத் திறக்கும் டிசைன் மென்பொருள், பின்னால் பிரிண்டர் போர்ட்டில் சொருகும் டாங்கிள் இருந்தால்தான் ஓடும். அந்த போர்ட் இந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. திரும்பப் பூட்டுக்கே வந்தேன்.

மூன்று முறை தப்பாக அடித்ததும் திரையில் ஓர் ஐந்து இலக்க எண் வந்தது. மெக்கானிக் அதைப் பிழை எண் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அதுதான் நூல் நுனி. இந்த வகை ஃபீனிக்ஸ் பயாஸ் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட 16 பிட் சரிபார்ப்பு எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறது, திரையில் காட்டுவதும் அதையே. 2009-ல் டாக்பர்ட் என்ற புனைபெயரில் ஒருவர் இதை அலசி, அதற்கான சின்ன பைத்தான் நிரல்களையும் வெளியிட்டார்.

16 பிட் என்றால் 65,536 எண்கள்தான். எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளில் சுமார் 20,900 கோடி சொற்கள் எழுதலாம். வகுத்துப் பார்த்தால் ஒவ்வோர் எண்ணுக்கும் சராசரி 32 லட்சம் சொற்கள் பொருந்தும். பெரியப்பா வைத்த சொல் தேவையே இல்லை. அந்த 32 லட்சத்தில் ஏதோ ஒன்று போதும். இதைப் பாதுகாப்பு என்று எப்படி விற்றார்கள் என்று என் தொழில்புத்தி கேட்டது. அன்றைக்கு அதுவே உதவியது என்பதால் திட்டவும் மனசு வரவில்லை.

(இன்னொரு வேடிக்கை. ஜக்கார்டு அட்டையைப் பார்த்துப் பழகிய உலகத்தில்தான் ஹாலரித் 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குக்குத் துளை அட்டை எந்திரம் செய்தார். அவருடைய கம்பெனி மற்றவற்றோடு சேர்ந்து 1924-ல் ஐபிஎம் ஆனது. தறிக்காரர் வீட்டில் உட்கார்ந்து ஐபிஎம் வழிவந்த பூட்டை நோண்டுகிறேன்.)

நிரல் ஒரு நொடியில் அர்த்தமே இல்லாத ஒரு சொல்லைத் தந்தது. அடித்தேன், திறந்தது. முதல் வேலையாக பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, எல்லா டிசைனையும் படமாக மாற்றி இரண்டு பென்டிரைவில் போட்டேன். ருத்ராட்ச பார்டர் மூன்றாவது ஃபோல்டரில் இருந்தது. அண்ணன் உடனே அட்டைக்கு ஆள் கூப்பிடப் போனார்.

பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றார். "அவரு என்ன வார்த்தை வச்சிருந்தாரு கண்ணு?"

"தெரியாது பெரியம்மா. மெஷினுக்கும் தெரியாது. அது நம்பரை மட்டும்தான் வச்சிருந்துது."

"என் பேரா இருக்குமோ?"

வீட்டுக்கு வந்ததும் அவர் பெயரை நிரலில் போட்டுப் பார்த்தேன். எண் பொருந்தவில்லை. ஆங்கிலத்தில் அவர் பெயரை நாலைந்து விதமாக எழுதலாம், நான் போட்டது ஒன்றுதான். மற்றதைப் போட்டுப் பார்க்கவில்லை.