கொக்கலை வீடு கூறும் சரித்திரம்

சரித்திரம் என்றதும் அரசர்தம் ஆட்சியும் போர்களுமே மாணவர் நினைவுக்கு வருகின்றன. குடியானவன் உறைந்த வீடும் அவன் பிடித்த கலப்பையும் சரித்திரச் சான்றுகளே என்பதைப் பாடநூல் வாயிலாக உணர்த்துதல் எளிதன்று. காலி நகருக்குத் தென்கிழக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையில் அமைந்த கொக்கலையிலுள்ள கிராமிய நூதனசாலை அதனை நன்கு உணர்த்தும்.

சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890ஆம் ஆண்டிற் பிறந்த வீடு இங்கேயே உள்ளது. அதனை அடுத்து 1981இல் நூதனசாலை திறக்கப்பட்டது. உழவுக் கருவிகள், மீன்பிடி சாதனங்கள், அடுக்களைப் பாத்திரங்கள், முகமூடிகள், பாவைகள், வண்டிகள் முதலியன அங்கு வைக்கப்பட்டுள்ளன. பொன்னும் மணியும் அல்ல. கிராமத்தார் அன்றாடம் கையாண்ட பொருள்களே அவை.

இவ்வீடு எஞ்சியமையும் ஒரு சரித்திரமே. இரண்டாம் உலகப் போரின்போது கொக்கலைக் களப்பு கடல் விமானங்களின் தளமாயிற்று. 1942 ஏப்ரல் 4ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்ட கற்றலைனா விமானமொன்று, இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய பின்னரே வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது அவ்வெச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தது. விமானியான லெனாட் பேர்ச்சலின் பெயரைப் போர்ச் சரித்திரம் மறக்கவில்லை. ஆனால், அத்தளத்தின்பொருட்டு மனையும் நிலமும் விட்டுப் பெயர்ந்த கிராமத்தாரின் பெயர்களை எந்தப் போர்ச் சரித்திரத்திற் காண்போம்?

அவர்கள் வாழ்வுக்கு இருவகைச் சான்றுகள் உள. ஒன்று, இடிபடாது தப்பிய இவ்வீடு. மற்றது, விக்கிரமசிங்கவின் எழுத்து. 'எங்கள் கிராமம்' எனப் பொருள்படும் 'அபே கம' 1940இல் வெளிவந்தது. ஊர் பெயருமுன் எழுதப்பட்டமையால், அந்நூல் மறைந்த வாழ்வொன்றின் ஆவணமும் ஆயிற்று. நூலின்றி வீட்டை நோக்கின் அது வெறும் சுவராகும். வீடின்றி நூலைப் படிப்பின் அது வெறும் கதையெனத் தோன்றவுங் கூடும்.

இதனின்று மாணவர் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. பொருளைப் பேணுதல் மட்டும் போதாது; அதன் பெயரையும் பயனையும் அதனைக் கையாண்டோர் வரலாற்றையும் எழுதிவைத்தல் வேண்டும். நம் வீடுகளிற் கேட்பாரற்றுக் கிடக்கும் உரலையும் ஏட்டுச் சுவடியையும் பற்றிச் சொல்லவல்ல முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்களிடம் கேட்டறிந்து எழுதிவைப்பவனே தன் ஊரின் முதற் சரித்திராசிரியன் ஆவான்.