கழற்ற ஒரு கையுறை, கழற்றாமல் இருக்க ஒரு கையுறை

திருவிடைமருதூர்ல உட்கார்ந்துகிட்டு தோல் கையுறைக்கு ஒரு எபிசோடான்னு கேட்பீங்க. நியாயம்தான். மார்கழியில்கூட நம்ம ஊர்ல யாரும் குளிருக்குக் கையுறை மாட்டுறதில்ல. ஆனா காலை எட்டரை மணிக்குக் கும்பகோணம் ரோட்டோரம் நின்னு பாருங்க. ஸ்கூட்டியில் போகும் பெண்களில் பலர் முழங்கை தாண்டுகிற துணிக் கையுறை போட்டிருப்பாங்க, வெயிலுக்காக. பைக்கில் போகும் பையன்களில் சிலர் கையில் மணிக்கட்டோடு முடிகிற தோல் கையுறை, விரல் முட்டி மேல பிளாஸ்டிக் கவசம். பெண்ணுக்கு நீளம், ஆணுக்குக் குட்டை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இதே பிரிவு இருந்தது, காரணம் மட்டும் வேற.

'கையுறை' என்ற சொல்லே நம்மகிட்ட பழசு. சங்க இலக்கியத்தில் அது கையில் மாட்டுறது இல்ல, கையில் கொண்டுவருவது. தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழை, பூ மாதிரியான பரிசுக்குப் பெயர் கையுறை. க்ளவுஸ் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பின்னாடி வந்தது.

சரி, ஐரோப்பா. அங்கே நாகரிக விதி என்னன்னா, ஆண் கைகுலுக்கும்போது வலது கையுறையைக் கழற்றணும். பெண் கழற்ற வேண்டியதில்லை. இந்த ஒரு விதியிலிருந்தே பாதி வித்தியாசம் வந்துடுதுன்னு நான் நினைக்கிறேன். அடிக்கடி கழற்ற வேண்டிய பொருள் குட்டையா, கொஞ்சம் தளர்வா, ஒரு பட்டனோட இருந்தாத்தான் வசதி. கழற்றவே வேண்டாத பொருள் தோலோட ஒட்டி, மெல்லிசா, எவ்வளவு நீளமும் இருக்கலாம். பெண்கள் கையுறையின் நீளத்தைப் பட்டன் கணக்கில்தான் சொன்னாங்க. பதினாறு பட்டன்னா முழங்கைக்கு மேல. அதை மாட்ட உள்ளே பவுடர் போடணும், விரல்களை விரிக்க இடுக்கி மாதிரி ஒரு மரக்கருவி வேணும். விருந்தில் ஏதாவது கொறிக்கணும்னா? மணிக்கட்டு உள்பக்கம் ஒரு திறப்பு வச்சாங்க. கையை மட்டும் அது வழியா வெளியே எடுத்துக்கலாம், மீதிக் கையுறை முழங்கையிலேயே இருக்கும். படுத்துற டிசைன், ஆனா புத்திசாலித்தனம்.

அளவு கதை இன்னும் சுவாரஸ்யம். பிரான்ஸில் கிரெனோபிள் கையுறைக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க்காரர் சேவியர் ஜூவேன் 1834இல் கைகளை அளந்து வகைப்படுத்தி ஒரு சைஸ் முறை கொண்டுவந்தார். அதுக்கப்புறம்தான் ஒரு நம்பர் சொல்லி கையுறை வாங்க முடிஞ்சது. அந்த நம்பர், உள்ளங்கையின் சுற்றளவு, பிரெஞ்சு அங்குலத்தில். வெட்டும் தொழிலாளி தோலை ஈரப்படுத்தி நீளவாக்கில் இழுத்துவிட்டுத்தான் வெட்டுவார். அப்பதான் அது பிறகு அகலவாக்கில் மட்டும் கொடுக்கும், விரல் நீளத்தில் தொளதொளக்காது.

தோல்னு வந்துட்டா நம்ம பக்கமும் வந்தாகணும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து லண்டனுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே போனது. இன்னைக்கும் ராணிப்பேட்டை, வாணியம்பாடி, திண்டுக்கல்னு தோல் ஷாப்புகள் இருக்கு. 1948இல் தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இருக்கு. சேலம் பக்கத்து மேச்சேரி ஆடு தோலுக்காகவே பேர் வாங்கின இனம். கம்பளி இல்லாத, வெறும் முடி மட்டும் உள்ள செம்மறி. நல்ல கையுறைத் தோல் இந்த மாதிரி முடிச் செம்மறியிலிருந்தும் வருது, மெல்லிசு, ஆனா உறுதி.

இவ்வளவும் கையில் இருக்கிற மாநிலத்தில் என் தங்கச்சிக்கு வண்டி ஓட்ட ஒரு தோல் கையுறை தேடினேன். அவ தினமும் இருபது கிலோமீட்டர் ஓட்டுறா. கடைக்காரர், "லேடீஸ்னு தனியா வராது தம்பி, ஜென்ட்ஸ்லயே சின்னது போடச் சொல்லுங்க, சரியாயிடும்"னார்.

சரியாகாது. ஏன்னு நம்பர்ல பார்ப்போம். வேலைக்கான கையுறைகளுக்கு ஐரோப்பாவில் 2020 வரை ஈஎன் 420னு ஒரு தரநிலை இருந்தது. அதில் ஆண், பெண் என்ற பிரிவே இல்லை. கையின் சுற்றளவு, நீளம் மட்டும்தான். சைஸ் 9க்கு சுற்றளவு 229 மி.மீ., நீளம் 192. சைஸ் 7க்கு 178, 171. கவனிங்க, சுற்றளவு 51 மி.மீ. குறையும்போது நீளம் 21தான் குறையுது. அதாவது சின்னக் கை என்பது பெரிய கையோட ஜெராக்ஸ் இல்ல, அகலம் குறைஞ்ச கை. ஒரு சைஸ் 9 பேட்டர்னை எல்லாப் பக்கமும் ஒரே சதவீதத்தில் சுருக்கி சுற்றளவை 178க்குக் கொண்டுவந்தா, நீளம் 149 வரும். கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் பத்தாது! விரல் நீளம் பார்த்து எடுத்தா உள்ளங்கை தொளதொளன்னு இருக்கும். பெண்கள் கையில் பொதுவா நீளத்தோட ஒப்பிட்டா அகலம் குறைவு என்பதால், இந்த அடி அவங்களுக்குத்தான் அதிகம் விழுது.

இது அழகுப் பிரச்சினை இல்லை. தொளதொளப்பான விரல் நுனி பிரேக் லீவரில் மடங்கும். விழும்போது சறுக்கினா கையுறை கையை விட்டுக் கழண்டு தனியா போகும். பைக் கையுறைக்கான ஈஎன் 13594 தரநிலையில் இதுக்குன்னே ஒரு சோதனை இருக்கு, மாட்டின கையுறையை இழுத்தா கழண்டு வரக்கூடாது. கைகுலுக்கக் கழற்றுவதற்காக வெட்டின ஆண் கையுறையோட குணம் இங்கே நேர் எதிரி.

அதனால வாங்கும்போது தையல்கடை டேப் எடுத்துட்டுப் போங்க. கட்டைவிரலை விட்டுட்டு, விரல் முட்டிக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி அளங்க. அங்குலத்தில் ஏழு வந்தா கிட்டத்தட்ட சைஸ் ஏழு. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தனியா அளங்க. மாட்டி, ஸ்ட்ராப்பை இறுக்கிட்டு, கூட வந்தவரை விரல் நுனியைப் பிடிச்சு இழுக்கச் சொல்லுங்க. கழண்டு வந்தா திருப்பிக் கொடுத்துடுங்க, பில் போடுறதுக்கு முன்னாடியே.