டோம்பிவலியில் உதித்த எண்

ஒன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதி, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். சாதாரண கால்குலேட்டரில் விடை அடங்காது; காகிதத்தில் போடுவதே உத்தமம். 12345678987654321 என்று வரும். ஒன்பது வரை ஏறி, மறுபடி ஒன்றுக்கே இறங்கும் இந்தப் பதினேழு இலக்க எண், 'டெம்லோ எண்' வகையைச் சேர்ந்தது.

பெயர் சூட்டியவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். 1905-ல் டஹாணுவில் பிறந்து, 1923-ல் புனே ஃபெர்குஸன் கல்லூரியில் சேர்ந்தவர். மாணவராக இருக்கும்போதே, 1927-ல் ராங்க்ளர் பராஞ்சபே கணிதப் பரிசைப் பெற்றார். அந்தக் கல்லூரிக்கும் நம்மவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. வி. ராமஸ்வாமி ஐயர் 1907-ல் ஸ்தாபித்த இந்தியக் கணித சங்கத்தின் நூலகம் ஆரம்பத்தில் அங்கேதான் இருந்தது. ராமானுஜன் வேலை கேட்டுப் போய் நின்றது இதே ராமஸ்வாமி ஐயரிடம்தான்.

டெம்லோ என்பது ஜி.ஐ.பி. ரயில்வேயில் பம்பாயிலிருந்து முப்பது மைலில் இருந்த ஸ்டேஷன், இன்றைய டோம்பிவலி. யோசனை அங்கே தோன்றியதால் அந்தப் பெயர். நம் அங்கத்தினர்கள் எத்தனை பேர் தினமும் அங்கே லோக்கல் ரயில் பிடித்திருப்பார்கள்!

இந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 81. அந்த 81-ஆல் மீதியின்றி வகுபடுகிறது, ஈவு 152415789971041. இப்படித் தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு 'ஹர்ஷத்', அதாவது ஆனந்தம் தருவது, என்று பெயரிட்டவரும் கப்ரேக்கரே. இன்னொன்று: எண்ணை 12345678, 987654321 என்று பிரித்துக் கூட்டினால் ஒன்பது ஒன்பதுகள். பத்து ஒன்றுகளை வைத்துப் பெருக்கினால் மட்டும் அழகு குலைகிறது. நடுவில் பத்து வந்து, ஒன்று இடப்பக்கம் ஏறிவிடுவதால் 1234567900987654321 ஆகிறது.

1930 முதல் 1962 வரை தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பெரிய படிப்புப் பட்டங்கள் இல்லாததால், இதெல்லாம் வெறும் எண் விளையாட்டு என்று பல பண்டிதர்கள் ஒதுக்கினார்கள். அவரோ தம் கண்டுபிடிப்புகளைச் சிறு புத்தகங்களாகத் தாமே வெளியிட்டுக்கொண்டிருந்தார். மனைவி 1966-ல் காலமான பிறகு பென்ஷன் போதாமல், டியூஷன் சொல்லிக்கொடுத்து ஜீவிக்க நேர்ந்தது. 1975-ல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்காவின் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் எழுதிய பின்புதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. வெளிநாட்டார் சொன்னால்தான் நமக்குக் காது கேட்கும் போலும்.

1949-ல் சென்னைக் கணித மாநாட்டில் அவர் அறிவித்தது 6174 என்ற எண். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத எந்த நாலிலக்க எண்ணையும் எடுங்கள். இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள்; விடையையும் அப்படியே செய்யுங்கள். ஏழு தடவைக்குள் 6174 வந்து நின்றுவிடும். அவர் பிறந்த 1905 ஏழு தடவையில் அங்கே சேருகிறது. காலமான 1986-க்கு ஆறே போதும்.