வாத்தியம் பயிற்றிய ஆசான்மார்

இசை என்றவுடன் வாய்ப்பாட்டே முதலில் நம் நினைவுக்கு வருகின்றது. வீணையும் வயலினும் மிருதங்கமும் நாதசுரமும் அதன் பின்னரே வருகின்றன. ஆயினும் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுத்து அதனை முறையாக ஒலிக்கச் செய்வதற்கு நூலறிவு மாத்திரம் போதாது. அருகில் அமர்ந்து விரலைத் திருத்தவும், செவியைப் பழக்கவும் ஆசான் ஒருவர் வேண்டும். அத்தகைய ஆசான்மார் தமிழகத்திலும் ஈழத்திலும் எவ்வெவ் வழிகளிற் பயிற்றினர், அவ்வழிகள் எவ்வாறு மாறின என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிள்ளைகளை இசை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கும், வகுப்புக்குச் செல்லும் எமது மன்றத்து இளைஞருக்கும் இவ்வரலாறு பயன்படும் என நம்புகின்றோம்.

சிலம்பு காட்டும் ஆசிரியர்

வாத்திய ஆசிரியருக்கு இலக்கணம் வகுத்த பெருமை சிலப்பதிகாரத்துக்கு உண்டு. அதன் அரங்கேற்று காதையிலே ஆடலாசிரியன், இசையாசிரியன் ஆகியோருடன் தண்ணுமை, குழல், யாழ் ஆகியவற்றின் ஆசிரியர்களும் தனித்தனியே கூறப்படுகின்றனர். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். தண்ணுமை ஆசிரியனைப் பற்றிக் கூறுமிடத்து, ஓசையை மிகுத்துக் காட்டவும், பிற வாத்தியங்களை மூடிவிடாது அடக்கவும் அறிந்திருத்தல் வேண்டும் என்று இளங்கோவடிகள் உரைப்பது சிந்திக்கத்தக்கது. வாசிக்கத் தெரிதல் ஒரு பாதி. எங்கே அடங்க வேண்டும் என்று தெரிதல் மறுபாதி. இந்த மறுபாதியை ஏட்டில் எழுதிக் கொடுத்தல் அரிது.

இக்காதையின் யாழாசிரியன் பகுதியை ஆதாரமாகக் கொண்டே சுவாமி விபுலானந்தர் தமது யாழ்நூலை ஆக்கினார். அடிகளார் 1920களின் பிற்பகுதியிலே எமது திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தவர் என்பதை நாம் பெருமையுடன் நினைவு கூருகின்றோம். யாழ்நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். பண்டைய யாழின் நரம்புகளுக்குரிய சுருதிகளைக் கணித முறையால் அவர் அளந்து காட்டினார். ஆனால் அந்த யாழை மீட்டிய கைப்பழக்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்து போயிற்று. கற்பித்தல் தொடர்பு அறுந்தால் வாத்தியமும் மௌனமாகிவிடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

குருகுலமும் களரியும்

யாழ்ப்பாணத்திலே அளவெட்டி, இணுவில் முதலிய ஊர்கள் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர் பெற்றவை. அங்கே கல்வி, வீட்டில் தொடங்கி வீதியில் முதிர்ந்தது. சிறுவன் முதலிற் கையிலே தாளத்தைப் பிடிப்பான். பின்னர் ஒத்து ஊதுவான். சுவாமி புறப்பாட்டின்போது பெரியவர்களுக்குப் பின்னால் நின்று மணிக்கணக்காகக் கேட்பான். தவில் பயில்வோன் சொற்கட்டுகளை வாயாற் சொல்லிப் பழகிய பின்னரே கையில் வாத்தியத்தை எடுப்பான். விடியற்காலைச் சாதகம் தவறாது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தம் தந்தையாரிடமே பாடத்தைத் தொடங்கியவர்; பின்னர் தமிழகமும் வியக்கும் புகழை ஈட்டினார்.

கிழக்கிலங்கையில் இதற்கு ஒப்பான ஆசான் அண்ணாவியார் ஆவர். ஊரார் கூத்துப் பழக அவரை அழைப்பர். அவர் சட்டங் கொடுத்து, களரியிலே மத்தளத்தை அடித்து ஆட்டமும் பாட்டும் பழக்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்னும் படிகளைக் கடந்து அரங்கேற்றம் வரை கொண்டு செல்வார். மத்தளம் பயில விரும்பும் இளைஞன் அவர் பக்கத்தில் இருந்து, இரவுகள் பல கண்விழித்துக் கேட்டே பயின்றான்.

இம்முறையின் வலிமை கேள்வி. குறையும் இதிற் பெரிதே. பிறந்த குடியும் சாதியும் பார்த்துக் கல்வி வழங்கப்பட்டது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. குருவின் வீட்டு வேலையிலே சீடனின் ஆண்டுகள் கழிந்ததும் உண்டு. இவற்றை மறைத்துக் குருகுலத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

வயலின் வந்த வழி

ஊதியம் பெற்றுத் தனியே பயிற்றும் ஆசிரியரால் விளைந்த பெரும் பயனுக்கு வயலின் ஓர் எடுத்துக்காட்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), மணலி சின்னைய முதலியாரின் ஆதரவில் சென்னையிலே ஓர் ஐரோப்பியரிடம் மூன்றாண்டு வயலின் பயின்றார். வில்லைப் பிடிக்கும் முறையையும் விரல் வைக்கும் முறையையும் அந்நிய ஆசிரியரிடம் பெற்றுக்கொண்டு, அவற்றை நம் இராகத்துக்கு ஏற்ப மாற்றினார். நம் வித்துவான்கள் தரையில் அமர்ந்து வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்திற் சார்த்தினர். கமகத்துக்கு விரலை வழுக்கினர். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. நல்ல மாணவன் ஆசிரியரின் கையைப் பெற்றுக்கொள்கின்றான். காதைத் தன் மரபிலே வைத்துக்கொள்கின்றான்.

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரராய்ப் பிறந்து, அவராற் சுவீகாரம் செய்யப்பட்டவர் சுப்பராம தீட்சிதர். அவர் 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலை அச்சிட்டார். சுரங்களை மட்டும் எழுதினால் இராகம் உயிர் பெறாது என்பதை உணர்ந்து, கமகங்களுக்கெனத் தனிக் குறிகளையும் அதில் அமைத்தார். தச்சூர் சிங்கராசார்யுலு சகோதரர்களின் பாட நூல்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்திருந்தன. அச்சு நூலின் துணையோடு வீட்டுக்கு வந்து பயிற்றும் பாட்டு வாத்தியார் தோன்றினார். குருகுலக் கதவு மூடியிருந்த வீடுகளிலே, சிறப்பாகப் பெண் பிள்ளைகளிடம், வீணையும் வயலினும் புகுந்தது இவ்வாசிரியர் வழியாகவே. மாயாமாளவகௌளையில் சரளி, சண்டை, அலங்காரம் எனத் தொடங்கும் வரிசையைப் புரந்தரதாசரின் கொடையென மரபு போற்றுகின்றது. இவ்வரிசை எல்லா வாத்தியங்களுக்கும் பொதுவான அரிச்சுவடியாயிற்று.

கல்லூரியும் பரீட்சையும்

1929இல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரியும், 1949இல் சென்னையில் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்ட கருநாடக இசைக்கல்லூரியும் எழுந்தன. ஈழத்திலே வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தோன்றி, வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் முதலியவற்றிற்குத் தரந்தரமாகப் பரீட்சை நடத்தலாயிற்று. ஆறாந் தரத்தில் வென்றவர் ‘கலாவித்தகர்’ எனப் பட்டம் பெறுவர். 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி உருவாயிற்று. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, மகாராஜபுரம் சந்தானம் போன்ற தமிழக வித்துவான்கள் அங்கே அதிபர்களாய் இருந்து பணிபுரிந்தனர். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பில் 1982இல் தொடங்கிய விபுலானந்த இசை நடனக் கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாக விளங்குகின்றது.

இவற்றிற் பயின்று வெளிவந்தோர் பலர் தத்தம் ஊர்களிலே தனியாசிரியராயினர். தரப் பரீட்சை செய்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எக்குடியிற் பிறந்தாலும், எவ்வூரிலிருந்தாலும் பிள்ளை ஒரே பாடத்திட்டத்தைப் பயிலலாம். ஆசிரியர் மாறினாலும், குடும்பம் இடம்பெயர்ந்தாலும், விட்ட தரத்திலிருந்து தொடரலாம். போர்க்காலத்தில் ஊர் ஊராக அலைந்த எம்மவருக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

எமது ஊரின் நிலை

சீனன்குடா விமானத் தளமும் எண்ணெய்க் குதங்களும் புகையிரத நிலையமும் கொண்ட ஊர். தொழிலின் பொருட்டுப் பல இடங்களிலிருந்தும் வந்தோர் இங்கு வாழ்கின்றனர். அளவெட்டியைப் போலத் தலைமுறை தலைமுறையாக வாத்தியக் குடும்பங்கள் சூழ்ந்த ஊர் இதுவன்று. இத்தகைய ஊரிலே தனியாசிரியர் ஒருவர் வராவிட்டால், பிள்ளைக்கு வாத்தியம் எட்டாக்கனியே. ஆதலின் அவரிடம் எதனைக் கேட்டுப் பெறுகின்றோம் என்பது சிறு விடயமன்று.

நாம் இன்று பெரும்பாலும் கேட்பது சான்றிதழை. “அடுத்த தரம் எப்போது?” என்பதே பெற்றோரின் முதல் வினா. ஆசிரியரும் பரீட்சைக்குரிய உருப்படிகளையே திரும்பத் திரும்பப் பயிற்றுகின்றார். அவற்றைப் பிழையற வாசிக்கும் பிள்ளை, கோயிலிலே நாளும் கேட்கும் தேவாரம் ஒன்றைக் கொப்பியைப் பாராது வாசிக்கச் சொன்னால் திகைக்கின்றது. விரல் தேர்ச்சி பெற்றது, செவி பெறவில்லை. கைத்தொலைபேசியிற் பாடம் கேட்போருக்கும் இதே குறை வேறு வகையில் உண்டு. திரையிலுள்ள ஆசிரியர் எத்துணை வல்லவராயினும், எட்டி வந்து மாணவனின் மணிக்கட்டைத் தளர்த்த அவரால் இயலாது.

பரீட்சையைத் துறந்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. குருகுலம் செவியைத் தந்தது. ஆயின் கதவை மூடி வைத்தது. பரீட்சை கதவைத் திறந்தது. ஆயின் செவியை மறந்தது. திறந்த கதவையும் பழகிய செவியையும் ஒருங்கே தரக்கூடியவர் வீட்டுக்கு வந்து பயிற்றும் ஆசிரியரே. அதற்குரிய அவகாசத்தை அவருக்கு நாம் அளித்தல் வேண்டும்.

பெரியோர்களே, ஆசிரியருக்குரிய ஊதியத்தைக் காலந் தாழ்த்தாது கொடுங்கள். தரத்துக்குத் தரம் அவரை விரட்டாதீர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சிறு நேரம் கொப்பியை மூடி வைத்து, ஆசிரியர் வாசிக்கப் பிள்ளை கேட்டு வாசிக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். இளைஞர்களே, திருவிழாவில் நாதசுரம் முழங்கும்போது பேசிக்கொண்டு நில்லாது தாளம் போட்டுக் கேளுங்கள். திருஞானசம்பந்தர் எமது திருக்கோணமலைக்குப் பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. அதனை ஓதுவோர் வாயிலாகக் கேட்டு, சுரம் எழுதாமல், உங்கள் வயலினிலோ வீணையிலோ எழுப்பிப் பாருங்கள். முதல் முறை பிழைக்கும். பத்தாம் முறை பண் கைக்கு வரும். அவ்வாறு வாசிக்கும் பிள்ளைகள் பலர் எமது ஊரில் உருவாவார்களாயின், அவர்களுள் ஒருவர் நாளை எமது ஊரின் ஆசிரியராவார்.